விறகு சுமந்த மாணாக்கர்



ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, கோவில் வாசலில் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையார் உண்டியலோடு நிற்பதை நீங்கள் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள். கையில் சில்லறை இருந்தால் போடுகிறோம். இல்லாவிட்டால் தெரிந்தவர் யாரையோ தேடுகிறவர்போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நடந்துவிடுகிறோம். இதை எழுதுகிற அடியேனும் அப்படி நடந்தவன்தான். அந்த உண்டியலுக்குப் பின்னால் ஒரு வாலிபனின் வெட்கமும் கண்ணீரும் இருக்கின்றன என்பது வெகு நாள் எனக்குத் தெரியாது. தெரிந்தபின் அதைக் கடந்துபோவது அவ்வளவு சுலபமாக இல்லை. ஆகையால் அந்த வாலிபனுடைய சரித்திரத்தை உங்களுக்கும் சொல்லிவிடுவது நல்லதென்று எண்ணினேன்.

அவர் பெயர் பிரடெரிக் ஓசானாம். குருவானவர் அல்ல, சந்நியாசியுமல்ல. பெண்சாதி பிள்ளையோடு குடித்தனம் நடத்தி, கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்து, மாதச் சம்பளத்தில் வாழ்ந்த நம்மைப்போன்ற ஓர் இல்லறத்தார். 1997-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி, பாரிஸ் பட்டணத்துத் தேவமாதா பேராலயத்தில், பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

ஓசானாம் 1813-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி இத்தாலியிலுள்ள மிலான் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரெஞ்சுக்காரர். தகப்பனார் முன்பு நெப்போலியனுடைய சேனையில் இருந்தவர். பிற்பாடு வைத்தியம் படித்து, 1816-ல் குடும்பத்தோடு பிரான்சு தேசத்து லியோன் நகருக்குத் திரும்பினார். அந்தத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் பதினான்கு பேர். பிழைத்து வளர்ந்து ஆளானவர்கள் மூன்றே பேர். மூத்தவர் குருவானார், இளையவர் வைத்தியரானார், நடுவிலிருந்தவர் நம் பிரடெரிக். சாவு அடிக்கடி வந்துபோன வீடு அது. ஆனால் அழுகையோடு அடைந்து கிடந்த வீடல்ல.

அந்தத் தாய் தகப்பனைப்பற்றி ஒரு சம்பவம் சொல்லுவார்கள். அதை விளங்கிக்கொள்ள அந்த ஊர் வீடுகளைப்பற்றி முதலில் சொல்லவேண்டும். லியோனிலும் பாரிசிலும் ஒரே கட்டடத்தில் ஐந்து மாடி, ஆறு மாடி இருக்கும். அக்காலத்தில் மின்தூக்கி ஏது? கீழ் மாடிகளுக்கு வாடகை அதிகம். ஏற ஏற வாடகை குறையும். ஆகவே கூரைக்கு அடியிலுள்ள உச்சி அறைகளில் ஏழைகள் குடியிருப்பார்கள். மழைக்காலத்தில் ஒழுகும், பனிக்காலத்தில் உறையும். வைத்தியர் ஓசானாம் இப்படிப்பட்டவர்களிடம் காசு வாங்காமல் வைத்தியம் பார்ப்பார். அவருடைய மனைவியும் தன் பங்குக்கு ஏழைகளைப் போய்ப் பார்த்து வருவாள். இருவருக்கும் வயதாகி மூச்சு வாங்கத் தொடங்கியபோது, நாலாம் மாடிக்கு மேல் இனி ஏறுவதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் வைத்தியர் ஓர் உச்சி அறையிலிருந்து வெளியே வருகிறார். எதிரே அவர் மனைவி மூச்சிரைக்க ஏறி வருகிறாள்! இருவரும் கையும் களவுமாகப் பிடிபட்டார்கள். 1837-ம் ஆண்டு அந்தத் தகப்பனார் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் படிக்கட்டில் தவறி விழுந்துதான் இறந்தார்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்கு விசுவாசத்தில் சந்தேகம் வருமா என்று கேட்பீர்கள். வந்தது. பதினாறு வயதளவில், பள்ளிக்கூடத்தில் அவநம்பிக்கைப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு, தான் ஏன் விசுவசிக்கிறோம் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இரவில் தூக்கமில்லை. ஜெபிக்க வாய் வரவில்லை. ஒருநாள் கோவிலுக்குள் போய் முழந்தாளிட்டு, சத்தியத்தைக் காணும் வரம் கிடைத்தால் வாழ்நாளை அந்தச் சத்தியத்துக்கே கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்டார். தத்துவ சாஸ்திரம் படிப்பித்த நுவாரோ சுவாமியார் இந்தப் பையனைத் திட்டவுமில்லை, பயமுறுத்தவுமில்லை. தன்னோடு நெடுந்தூரம் உலாவ அழைத்துப்போய், கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கவிட்டு, பொறுமையாக வழிகாட்டினார். நம் வீட்டுப் பிள்ளைகள் வேதத்தைப்பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்டால் வாயை மூடு என்கிறோமே; அந்தக் குருவானவர் அப்படிச் சொல்லியிருந்தால் இந்தச் சரித்திரமே இல்லை. சந்தேகப்பட்டவர்கள்மேல் ஓசானாமுக்குக் கடைசிமட்டும் இரக்கம் இருந்தது. அந்த இருட்டில் தானும் நடந்தவர் அல்லவா?

1831-ம் ஆண்டு, தகப்பனாரின் விருப்பப்படி சட்டம் படிக்கப் பாரிசுக்குப் போனார். அந்தப் பட்டணம் அவருக்குப் பிடிக்கவில்லை. வேதத்தைப் பரிகசிப்பதே படித்தவன் அடையாளம் என்று மாணாக்கர் நினைத்த காலம் அது. பூசைக்குப் போகிற வாலிபன் மறைந்து மறைந்து போகவேண்டும். நல்லவேளையாக அவருக்குத் தங்க இடம் கொடுத்தவர் அம்பேர் என்ற பெரும் விஞ்ஞானி. மின்சாரத்தை ஆம்பியர் என்று அளக்கிறார்களே, அந்தப் பெயருக்குரியவர் இவரேதான். மனச்சோர்வோடு திரிந்த ஒருநாள் ஓசானாம் அர்ச். முடியப்பர் பெயரால் உள்ள கோவிலுக்குள் நுழைந்தார். மூலையில் ஒரு கிழவர் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் அவர் அம்பேர்! உலகமெல்லாம் மதிக்கும் அந்த மேதை, கிராமத்துப் பாட்டிகளைப்போல் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். எத்தனையோ புத்தகங்களும் பிரசங்கங்களும் செய்யாததை அந்த ஜெபமாலை தனக்குச் செய்தது என்று ஓசானாம் பின்னாளில் சொல்லி வந்தார். அம்பேர் அதை யாருக்கும் காட்டுவதற்காகச் சொல்லவில்லை என்பதை மறக்கவேண்டாம்.

அடுத்த வருஷம், 1832-ல், பாரிசில் காலரா வந்து 18,000-க்கு மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போனது. ஏழைத் தெருக்களில்தான் சாவு அதிகம். மாணாக்கர் கூட்டமோ வாதப்பிரதிவாதங்களில் மூழ்கியிருந்தது. எம்மானுவேல் பாயி என்ற நல்ல கத்தோலிக்கப் பெரியவர் தம் இடத்தில் ஒரு சரித்திர விவாதச் சங்கம் கூட அனுமதித்திருந்தார். விசுவாசிகளும் அவிசுவாசிகளும் அங்கே வருவார்கள். ஓசானாம் நன்றாகப் படித்தவர். பேச எழுந்தால் உள்ளம் கொதித்துப் பேசுவார். திருச்சபை உலகத்துக்குச் செய்த நன்மைகளை அடுக்கடுக்காக எடுத்துரைப்பார். மடங்கள், ஆஸ்பத்திரிகள், அடிமைகளுக்கு விடுதலை, கல்வி என்று பட்டியல் நீளும்.

அப்படி ஒருநாள் பேசி முடித்தபோது எதிர்க்கட்சி வாலிபன் ஒருவன் எழுந்தான். முற்காலத்தில் உங்கள் வேதம் பெரிய காரியங்களைச் செய்தது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன் என்றான். ஆனால் இப்போது அது செத்த மரம். கத்தோலிக்கர் என்று பெருமை பேசுகிற நீங்கள் இந்தப் பட்டணத்து ஏழைகளுக்கு இன்று என்ன செய்கிறீர்கள், உங்கள் கிரியைகளைக் காட்டுங்கள், நாங்களும் விசுவசிக்கிறோம் என்று கேட்டான்.

வாசகரே, அந்தக் கேள்விக்கு ஓசானாமிடம் பதில் இருந்திருக்கக்கூடாதா? மேற்கோள் காட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அன்றைக்கு வாய் அடைத்துப்போயிற்று. கேட்டவன் சத்துருவாயினும் கேட்டது நியாயம் என்று மனச்சாட்சி சொல்லிவிட்டது. சங்கம் கலைந்தபின் அவரும் நண்பர்களும் வெட்கத்தோடு நடந்தார்கள். அவனுக்கு அடுத்த வாரம் என்ன மறுமொழி சொல்லலாம் என்று அவர்கள் யோசித்திருந்தால் நாம் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டோம். நாமும் அதைத்தானே செய்வோம்? அவர்களோ ஏழைகளிடம் போவோம் என்று தீர்மானித்தார்கள். ஓசானாமும் லெ தையாந்தியே என்ற நண்பரும் தங்கள் அறையில் குளிர்காலத்துக்கென்று வாங்கி வைத்திருந்த விறகில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, தங்களுக்குத் தெரிந்த ஓர் ஏழையின் வீட்டுப் படியேறினார்கள். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகள் விறகு தூக்கிக்கொண்டு தெருவில் போவதென்றால் அந்நாளில் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்று போனார்கள்.

1833-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, ஓசானாமுக்கு இருபது வயது நிறைந்த அன்றே, முதல் கூட்டம் கூடியது. இருந்தவர்கள் ஏழுபேர், ஆறுபேர் மாணாக்கர், ஏழாமவர் பாயி. அவரே தலைவர். ஏழைகளை எங்கே தேடுவது, எப்படி உதவுவது என்பது ஒன்றும் அந்த வாலிபருக்குத் தெரியவில்லை. அதை மறைக்காமல், தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளப் போனார்கள். பாரிசின் மிக ஏழ்மையான முஃப்தார் தெருப் பகுதியில் ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரி இருந்தாள். அர்ச். வின்சென்ட் தே பவுல் ஸ்தாபித்த பிறர்சிநேகப் புதல்வியர் சபையைச் சேர்ந்தவள். அவள் ஏழைக் குடும்பங்களின் பெயர்களைக் கொடுத்தாள், ரொட்டிச் சீட்டுகளையும் கொடுத்தாள். சீட்டைக் கடையில் கொடுத்தால் ரொட்டி கிடைக்கும். பணமாகக் கொடுத்தால் சில வீடுகளில் அது சாராயக் கடைக்குப் போய்விடும். அதோடு, ஏழைகளைக் கடிந்துகொள்ளாமல், அவர்கள் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்கவும் அவள் கற்றுக்கொடுத்தாள். அந்தக் கன்னியாஸ்திரிக்கும் 2003-ம் ஆண்டு முத்திப்பேறு பட்டம் கிடைத்தது.

அவர்கள் வேலை செய்த முறையைக் கவனியுங்கள். வாரந்தோறும் கூடி ஜெபிப்பார்கள், கொஞ்சம் ஞானவாசகம் வாசிப்பார்கள், ஒவ்வொரு குடும்பத்தைப்பற்றியும் பேசுவார்கள், கடைசியில் ஒருவர் கொடுப்பதை மற்றவர் காணாதபடி காணிக்கை எடுப்பார்கள். ஏழையைத் தங்களிடம் வரவழைக்கமாட்டார்கள். அவன் வீட்டுக்குத் தாங்களே போவார்கள். போனால் உட்கார்ந்து பேசுவார்கள். வாசலில் நின்று நீட்டிவிட்டு வருகிற தர்மம் ஏழையைச் சிறுமைப்படுத்தும் என்பது ஓசானாமின் உறுதியான எண்ணம். கொடுக்கிறவனும் அங்கே ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொள்கிறான் என்று அவர் சொல்லுவார். நான் அறிந்த வரையில் இது அனுபவித்தவர்களுக்கு மட்டுமே விளங்குகிற பேச்சு.

அவருக்கு முதலில் கிடைத்த குடும்பங்களில் ஒன்றில், ஒரு தாய் ஐந்து பிள்ளைகளைக் காப்பாற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு மனிதனோ குடிகாரன். அவள் சம்பாத்தியத்தைப் பிடுங்கிக் குடித்துவிட்டு அடிப்பான். ரொட்டிச் சீட்டால் தீருகிற துன்பமா அது? ஓசானாம் சட்டம் படித்தவர். விசாரித்துப் பார்த்ததில் அவர்கள் விவாகமே முறைப்படி நடக்கவில்லை என்று தெரிந்தது. அதிகாரிகளிடம் போய், அந்த மனிதன் அவளைத் துன்புறுத்தாதபடி உத்தரவு வாங்கினார். நண்பர்களிடம் பணம் சேர்த்து, அவளைச் சிறு பிள்ளைகளோடு அவளுடைய சொந்த ஊரான பிரெத்தாஞுப் பகுதிக்கு அனுப்பிவைத்தார். பெரிய பையன்கள் இருவரைப் பாயியின் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்த்தார். படித்த சட்டம் முதல்முதலில் பயன்பட்ட இடம் அதுதான் என்று சொல்லலாம்.

சபை வளர்ந்தது. வளர்ச்சியிலும் சங்கடம் உண்டு. எட்டாவது ஆளைச் சேர்க்கலாமா என்றே முதலில் தகராறு; நெருங்கிய நண்பர்களின் இனிய கூட்டம் கெட்டுப்போகும் என்று சிலர் பயந்தார்கள். நூறு பேருக்குமேல் சேர்ந்தபோது, பல கிளைகளாகப் பிரியவேண்டும் என்று ஓசானாம் சொல்ல, சிலர் கண்ணீர்விட்டு எதிர்த்தார்கள். கடைசியில் 1835-ல் பிரிந்தார்கள். இன்று அந்தச் சபை ஏறக்குறைய 150 தேசங்களில் இருக்கிறது. ஓசானாமோ ஒருநாளும் அதன் பொதுத்தலைவராக இருந்ததில்லை. தன்னை ஸ்தாபகர் என்று அழைக்கவும் விடவில்லை. பாயி, ரோசலி, மற்ற நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து செய்த காரியம் என்பார். நம் பங்குகளில் ஒரு கெபி கட்டினால் கல்வெட்டில் யார் பெயர் முதலில் வருவது என்று மூன்று மாதம் பேசுகிறோம், அதை நினைத்துக்கொண்டேன்.

இனி அவருடைய இல்லறத்தைச் சொல்லவேண்டும். சந்நியாசம் பூணலாமா என்று வெகு நாள் தத்தளித்தார். பழைய குரு நுவாரோ சுவாமியார் விவாகமே உனக்கு ஏற்றது என்று சொல்லி வந்தார். லியோனில் கல்வி அதிகாரியாயிருந்த சூலாக்ருவா என்பவர் வீட்டுக்கு ஒருநாள் போனபோது, ஓர் இளம்பெண் நோயாளியான தன் தம்பியை அன்போடு பராமரித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். பேச்செல்லாம் தகப்பனாரோடு, கண் மட்டும் அந்தப் பக்கம். அவள்தான் அமேலி அம்மாள். 1841-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி விவாகம் நடந்தது. குருவானவரான தமையனாரே பூசை வைத்து ஆசீர்வதித்தார். அது முதல் ஒவ்வொரு மாதமும் 23-ந் தேதி மனைவிக்குப் பூக்கொத்து ஒன்று கொடுப்பது ஓசானாமின் வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை விவாக நாளை நினைக்கவே நமக்குத் தாளமில்லை! குழந்தைக்காகச் சில வருஷம் காத்திருந்து, 1845-ல் மரியா என்ற ஒரே பெண் பிறந்தாள்.

ஒரு புத்தாண்டு தினத்தில் நடந்ததைக் கேளுங்கள். முன்னே நன்றாய் வாழ்ந்து நொடித்துப்போன ஒரு குடும்பம், வீட்டில் மிஞ்சியிருந்த ஓர் இழுப்பறைப் பெட்டியையும் அடகு வைத்துவிட்டதென்று ஓசானாமுக்குத் தெரியும். அதை மீட்டு, புத்தாண்டு வெகுமதியாகக் கொடுக்கலாமா என்று காலையில் மனைவியைக் கேட்டார். அமேலி அம்மாளும் கெட்டவள் அல்ல. ஆனால் குடும்பம் நடத்துகிறவள். அது வேண்டாம் என்று தக்க காரணங்களைச் சொன்னாள். அவரும் சரியென்று விட்டுவிட்டார். பகலெல்லாம் பெரியவர்களைப் பார்த்து வாழ்த்துச் சொல்லி, மாலையில் வீடு திரும்பினார். குழந்தையைச் சுற்றிலும் விளையாட்டுச் சாமான்கள் குவிந்திருந்தன. மிட்டாய்களைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள், அவர் தொடவில்லை. முகம் வாடியிருப்பதைக் கண்டு அமேலி அம்மாள் காரணம் கேட்டாள். தேவையில்லாத இந்தச் சாமான்களுக்குச் செலவிட்ட பணத்தால் அந்தப் பெட்டியை மீட்டிருக்கலாமே என்ற நினைவு நெஞ்சை அறுக்கிறதென்றார். போங்கள், இப்போதே போய் மீட்டுக் கொடுங்கள் என்றாள் அவள். உடனே ஓடினார். பெட்டியை மீட்டு, கூடவே இருந்து அதை அந்த வீட்டில் கொண்டு சேர்த்துவிட்டுத்தான் வந்தார். அதற்குப்பின் மிட்டாய் இறங்கியது.

கோபம் வராத மனிதரென்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலியன் ஒருவனுக்குச் சிபாரிசு செய்து வேலை வாங்கிக்கொடுத்தார். அவன் அங்கே நம்பிக்கைத் துரோகம் செய்து வெளியே தள்ளப்பட்டான். மறுபடி பிச்சைக்காரனாய் வந்து நின்றபோது, ஓசானாம் கடுமையாய்ப் பேசி அனுப்பிவிட்டார். கதவைச் சாத்தியவுடன் மனம் குத்தியது. நாளைக்குச் சர்வேசுரன் சந்நிதியில் தானும் இப்படிக் கையேந்தி நிற்கவேண்டுமே என்று நினைத்தார். அப்படியே ஓடி, லுக்சம்பூர்க் தோட்டத்தில் அவனை எட்டிப் பிடித்து உதவினார். ஒருதரம் ஏமாற்றினவனுக்கு நாம் இரண்டாந்தரம் கதவு திறப்போமா? அவரும் முதலில் திறக்கவில்லை என்பதே எனக்கு ஆறுதல்.

உத்தியோகத்திலும் அவர் தம் வேதத்தை ஒளித்துவைக்கவில்லை. 1840-ல் நடந்த கடும் போட்டிப் பரீட்சையில் முதலிடம் பெற்று, சொர்போன் சர்வகலாசாலையில் அயல்நாட்டு இலக்கியம் போதிக்கத் தொடங்கினார். 1844-ல் அந்த ஸ்தானம் நிரந்தரமாயிற்று. ஒவ்வொரு பாடத்துக்கும் வெகு பாடுபட்டு ஆயத்தம் செய்வார். புறப்படுமுன் முழந்தாளிட்டு ஜெபிப்பார். குறும்புக்காரன் ஒருவன், அவருடைய வகுப்பு அறிவிப்பில் இலக்கியம் என்ற சொல்லை அடித்து வேதசாஸ்திரம் என்று எழுதிவைத்தான். அன்று பாட முடிவில் அவர் அமைதியாய், வேதசாஸ்திரி என்ற கௌரவம் எனக்கில்லை, ஆனால் கிறிஸ்தவன் என்ற பாக்கியம் எனக்கு உண்டு என்று தெரிவித்தார், வகுப்பு கைதட்டியது. லெனோர்மான் என்ற பேராசிரியர் கத்தோலிக்க விசுவாசத்துக்குத் திரும்பியதற்காக மாணாக்கர் கூச்சலிட்டு அவரைப் பேசவிடாமல் செய்தபோது, ஓசானாம் தாமே மேடையில் பாய்ந்து ஏறி, சுதந்திரம் சுதந்திரம் என்று கத்துகிற நீங்கள் பிறர் மனச்சாட்சியின் சுதந்திரத்தை மதிக்கவேண்டாமா என்று கண்டித்தார். பிரசங்கங்கள் செய்யாததை உங்கள் ஒரே பாடம் செய்தது, நான் கிறிஸ்தவனானேன் என்று அவருக்கு எழுதினவனும் உண்டு.

1848-ல் பிரான்சில் புரட்சி வந்தது. முடியாட்சி விழுந்தது. கூலியும் வேலையும் இல்லாத தொழிலாளிகள் கொதித்தெழுந்தார்கள். இருக்கிறவன், இல்லாதவன் என்ற இரு படைகள் மோதப்போகின்றன, நடுவில் கிறிஸ்தவர்கள் போய் நிற்கவேண்டும் என்று ஓசானாம் பல வருஷம் முந்தியே எச்சரித்திருந்தார். இப்போது லக்கோர்டேர் சுவாமியாரோடு சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தி, தொழிலாளிகளின் துன்பத்தை எழுதினார். தேர்தலில் நின்று தோற்றார். பணக்காரக் கத்தோலிக்கர் பலர் அவரைக் கலகக்காரரின் கூட்டாளி என்று பழித்தார்கள். நம்மவர்களே பழிக்கும்போது வலி அதிகம். ஜூன் மாதம் பாரிஸ் தெருக்களில் சண்டை மூண்டது. ஓசானாமும் இரு நண்பர்களும் அதிமேற்றிராணியாரான அஃப்ர் ஆண்டவரிடம் போய், சமாதானம் பேச அவர் நேரில் போனால் இரத்தம் சிந்துவது நிற்கலாம் என்று விண்ணப்பித்தார்கள். ஆண்டவர் அந்த எண்ணம் தமக்கும் இருந்ததென்று சொல்லிப் புறப்பட்டார். ஜூன் 25-ந் தேதி தெருத் தடுப்பின் எதிரே நின்று பேசும்போது ஒரு குண்டு பாய்ந்தது. 27-ந் தேதி உயிர்விட்டார். தாங்கள் கேட்டுக்கொண்டதால் அல்லவா இப்படி ஆயிற்று என்ற பாரத்தை அந்த மூவரும் சுமக்கவேண்டியதாயிற்று. நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் எல்லாம் நாம் நினைத்தபடி முடிகிறதில்லை.

உடம்பு ஏற்கெனவே நலிந்திருந்தது. மூத்திரக்காய் வியாதி வாட்டியது. 1852-ல் அவர் காய்ச்சலோடு படுத்திருக்கையில், ஆசிரியர்கள் வகுப்பு நடத்துவதில்லை என்று மாணாக்கர் ஆர்ப்பாட்டம் செய்வதாகக் கேள்விப்பட்டார். மனைவியும் வைத்தியரும் தடுத்தும் கேளாமல், வெளிறிய முகத்தோடு போய் மேடையேறினார். தம்முடைய உயிர் அவர்களுக்கே சொந்தம், எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாடத்தை நடத்தினார். அவருடைய கடைசிப் பாடம் அதுவே.

வைத்தியர் சொற்படி இத்தாலியின் வெதுவெதுப்பான கடற்கரைக்கு மனைவி மகளோடு போனார். காலைதோறும் வேதாகமம் வாசிப்பது அவருக்கு வெகு காலத்து வழக்கம். நோயாளிகளுக்கு ஆறுதலான வாக்கியங்களை அப்போது குறித்துவைத்தார். அது பின்பு நோயாளிகளின் புத்தகம் என்று அச்சாயிற்று. அங்கும் வின்சென்ட் தே பவுல் சபைகளை ஏற்படுத்த, தள்ளாடிக்கொண்டு ஊர் ஊராய்ப் போனார். நாற்பது வயது நிறைந்த அன்று, மனைவியையும் மகளையும் படிப்பையும் விட்டுவிட அழைக்கிறீரா ஆண்டவரே, இதோ வருகிறேன் என்ற கருத்தில் ஒரு ஜெபம் எழுதிவைத்தார். எளிதாக எழுதவில்லை, வாழ ஆசை உண்டென்பதையும் மறைக்காமல் எழுதினார்.

ஆகஸ்டு 23-ந் தேதி வந்தது. லிவோர்னோ அருகே அந்தினியானோ என்ற கடற்கரை ஊரில் இருந்தார்கள். பூ வாங்கக் கடைக்குப் போக அவருக்குத் திராணி இல்லை. கடலோரத்தில் வளர்ந்திருந்த மிர்தச் செடியின் கிளையொன்றைப் பறித்து, அதை அமேலி அம்மாளிடம் கொடுத்தார்.

சொந்தத் தேசத்தில் சாக விரும்பி, அந்த வீட்டை விட்டுப் புறப்படும்போது, வாசற்படியில் நின்று தொப்பியைக் கழற்றி, அங்கே அனுபவித்த வேதனைகளுக்காகச் சர்வேசுரனுக்கு நன்றி சொன்னார். கப்பல் மார்செய்ல் துறைமுகத்தை அடைந்தது. அதற்கு மேல் பயணம் செய்ய முடியவில்லை. அவஸ்தைப்பூசுதல் பெற்றார். ஆண்டவர்மேல் நம்பிக்கையாயிரும், பயப்படவேண்டாம் என்று குருவானவர் சொன்னபோது, இவ்வளவு நேசிக்கிற ஒருவருக்கு நான் ஏன் பயப்படவேண்டும் என்று திரும்பக் கேட்டார். 1853-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி, தேவமாதா பிறந்த திருநாளன்று, மாலையில் அவர் ஆத்துமம் பிரிந்தது. பாரிசிலுள்ள கார்மேல் மடத்துக் கோவிலின் நிலவறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

மகள் மரியாவுக்கு அப்போது எட்டு வயது. அமேலி அம்மாள் அதன்பின் நாற்பத்தொரு வருஷம், 1894 வரை, விதவையாய் இருந்து, கணவர் எழுதிய கடிதங்களையும் பாடக் குறிப்புகளையும் நண்பர்களிடமிருந்து ஒவ்வொன்றாய்ச் சேகரித்து அச்சுக்குக் கொடுத்தாள்.